கஞ்சி வரிசையில் நின்ற தேசம்

கப்பலூர் சுங்கச்சாவடியைக் கடக்கிற பலருக்கு, பக்கத்து உச்சப்பட்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது தெரியாது. ஈழப்போர் மதுரைக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் மேடைப்பேச்சாகவும் சுவரொட்டியாகவும்தான். மேடைக்கு வீரம் வேண்டும். இல்லாவிட்டால் கண்ணீர் வேண்டும். முற்றுகைக்குள் கிடந்தவர்களுக்கு இரண்டுக்குமே நேரம் இருக்கவில்லை என்பதை நாவல்கள்தான் சொல்கின்றன.

2009 தொடக்கத்தில் வன்னி மக்கள் லட்சக்கணக்கில் ஒரு கடற்கரைத் துண்டுக்குள் நெருக்கப்பட்டார்கள். கடைசி நாள்களில், முள்ளிவாய்க்காலில், பலரின் உயிரைப் பிடித்துவைத்தது வெறும் அரிசிக் கஞ்சி. அனுக் அருட்பிரகாசம் 2016-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், அந்த மண்ணில் ஒரே ஒரு பகலையும் இரவையும் எடுத்துக்கொள்கிறது. எறிகணை ஓய்ந்த இடைவெளியில் தினேஷுக்கும் கங்காவுக்கும் கல்யாணம். தினேஷின் நினைப்பில் கொடியும் எல்லைக்கோடும் இல்லை. நிம்மதியாக ஒதுங்க ஓர் இடம், ஒரு வாளித் தண்ணீரில் குளியல், கொஞ்சம் தூக்கம்: அவன் கேட்பது இவ்வளவே.

சயந்தனின் ‘ஆதிரை’ (2015) இன்னும் பின்னால் போய்த் தொடங்குகிறது. மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறியவர்களும் அதில் இருக்கிறார்கள். ‘ஈழத்தமிழர்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடும் சொல்லுக்குள் எத்தனை இடப்பெயர்வுகள் அடங்கியிருக்கின்றன என்பது அப்போதுதான் உறைக்கிறது.

முற்றுகையை இறுக்கியது ஒரு கை மட்டுமல்ல. அரசுப் படை மருத்துவமனைகள் மீது எறிகணை வீசியது, தப்பிக்க முயன்ற மக்களைப் புலிகள் சுட்டது ஆகிய இரண்டையுமே நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளாக ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் பதிவு செய்தது. தன் பக்கத்தையும் கேள்வி கேட்கிற எழுத்தாளருக்கு நம்மூரில் துரோகிப் பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

அரசுகளும் இப்படித்தான்: வீரத்தைக் கொண்டாடும், பட்டினியின் நினைவைப் பூட்டிவைக்கும். 872 நாள் முற்றுகையில், ஒரு கட்டத்தில் ஆளுக்கு 125 கிராம் ரொட்டியோடு கிடந்த லெனின்கிராடை சோவியத் அரசு ‘வீர நகரம்’ என்று கொண்டாடியது. அதே அரசு, அந்த முற்றுகையின் அருங்காட்சியகத்தை 1949-ல் பூட்டியது. இலங்கையிலோ 2024 மே மாதம், சம்பூரில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்கள் கைதானார்கள்.

மதுரைக் கல்லூரிகளின் தமிழ்ப் பாடத்தில் இந்த நாவல்களில் ஒன்றையாவது வைக்கலாம். உச்சப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த மாணவி ஒருத்தி அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவள் வீட்டில் போரின் கதையை வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். அதையும் கேட்க வேண்டும்.