ஒரு குண்டில் ஒரு வாழ்வா?

‘ஓபரா’ எனும் மேலை இசைநாடகத்தைப் புதிதாக அணுகுவோர்க்கு, ஜெர்மானியரான கார்ல் மரியா ஃபான் வெபரின் ‘டெர் ஃபிரைஷூட்ஸ்’ நல்ல நுழைவாயில். 1821இல் பெர்லினில் அரங்கேறிய இதில் பாடலோடு உரையாடலும் விரவி வருதலால், கதை எளிதில் விளங்கும்.

காதலி அகாத்தேயை மணக்க, மாக்ஸ் என்னும் வேட்டுவன் குறிதவறாது சுட்டுக்காட்ட வேண்டும். தோல்விக்கு அஞ்சிய அவன், நள்ளிரவில் ஓநாய்ப் பள்ளத்தாக்கில் மாயக்குண்டுகள் ஏழு வார்க்கப்பட உடன்படுகிறான். ஆறு குண்டுகள் சுடுபவன் எண்ணியதைத் துளைக்கும். ஏழாவதோ தீய ஆவியின் விருப்பப்படி பாயும். அக்காட்சியின் நடுக்கத்தைச் சொல்லினும் மிகுதியாக இசைக்கருவிகளே உணர்த்துகின்றன.

இதனைப் பேய்க்கதை என்று ஒதுக்குதல் தகாது. இறுதியில் துறவி ஒருவர், ஒரே குண்டில் இருவர் வாழ்வைத் தொங்கவிடும் வழக்கத்தையே நீக்கச் செய்கிறார். மாக்ஸ் தன்னை மெய்ப்பிக்க ஓராண்டு பெற்றுத் தருகிறார். மனிதரின் தகுதியை ஒரு நொடி அளக்காது. நெடுநாள் ஒழுக்கமே அளக்கும். இவ்விசைநாடகம் இன்றும் நமக்குரியதாவது இவ்வறத்தினால்தான்.