இன்ஸ்டாவுல கடை போட்டாச்சு... சாவி யார்கிட்ட இருக்கு?

கையில ஒரு போன், மேசையில ஒரு ரிங் லைட். கடை ரெடி! அட்வான்ஸ் கிடையாது, வாடகை கிடையாது. சேலை, கேக், ஊறுகாய், மெஹந்தி என எல்லாமே இன்று இன்ஸ்டாவில் விற்கிறது.

திறமை இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம்ம புதுக்கோட்டையே சாட்சி. தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்த 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தாண்டியது. டி.வி சேனல் வாசலில் காத்திருக்காமலே நடந்த விஷயம் இது.

சரி, ரிஸ்க் எங்கே இருக்கு?

கடை நம்முடையது, இடம் நம்முடையது இல்லை. அதுதான் சிக்கல். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. லட்சக்கணக்கில் ஃபாலோயர்ஸ் வைத்திருந்தவர்கள் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதாப் போச்சு. 2021 அக்டோபர் 4 ஞாபகம் இருக்கா? ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. காரணம் ஹேக்கர்கள்கூட இல்லை. அந்த நிறுவனமே தன் நெட்வொர்க் செட்டிங்கில் செய்த தவறு. வாட்ஸ்அப்பை மட்டுமே நம்பி ஆர்டர் எடுத்தவர்களுக்கு அன்றைக்குக் கடை பூட்டுதான்.

அப்போ என்ன பண்ணலாம்?

* வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பரை அவர்கள் சம்மதத்தோடு தனியாகக் குறித்து வையுங்கள். ஃபாலோயர்ஸ் போனாலும் அவர்கள் இருப்பார்கள்.

* ஒரே செயலியை நம்பாதீர்கள். இரண்டு இடத்திலாவது கடை இருக்கட்டும்.

* 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' இன்றைக்கே ஆன் பண்ணுங்க. 'உங்க அக்கவுன்ட் முடக்கப்படும்' என்று லிங்க் வந்தால் தொடவே தொடாதீங்க. ஓ.டி.பி யாருக்கும் சொல்லக் கூடாது.

* காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்ந்தால், அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கு வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது.

* பணம் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930-க்கு போன் போடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தளவுக்குப் பணத்தை முடக்கிப் பிடிக்கும் வாய்ப்பு அதிகம்.

கடையை ஜோரா நடத்துங்க பாஸ். கூடவே ஒரு கேள்வியையும் மனசுல வச்சுக்கோங்க: நாளைக்குக் காலையில் இந்த ஆப் திறக்கலைன்னா, என் வாடிக்கையாளர் என்னை எப்படிக் கண்டுபிடிப்பார்?