நாம் வாழும் நகரம்: மித்தி நதியின் இரு முனைகள்



மாகிமிலிருந்து பாந்திராவுக்குச் செல்லும் வண்டி கழிமுகத்தைக் கடக்கும்போது பயணிகள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்வதைக் காண்கிறோம். கீழே கறுத்துக் கிடப்பது சாக்கடை என்றே புதிதாக வருவோர் எண்ணுவர். அன்று, அது மித்தி என்னும் நதி. இந்தியில் இனிப்பு என்று பொருள்படும் பெயர்! நம்மவர் பெருந்தொகையாக வாழும் தாராவி, இந்நதியின் கடைசிக் கரையில் அமைந்த ஊர்.

இதே நதியின் தலைப்பில்தான் இம்மாநகரின் குழாய்நீர் வரலாறு தொடங்கிற்று என்பதை எத்தனை பேர் அறிவர்?

பழைய பம்பாய் கிணறுகளையும் குளங்களையும் நம்பி வாழ்ந்த தீவு. தோபி தலாவ், சி. பி. டாங்க், கோவாலியா டாங்க் என்று இன்றும் நாம் சொல்லும் இடங்களில் இப்போது குளமில்லை. பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது. மழை பொய்த்தால் குளம் வறளும். 1850-களின் நடுவில் அப்படியொரு பஞ்சம் நேர்ந்தபோது, படகுகளிலும், 1853-இல்தான் ஓடத் தொடங்கியிருந்த ரயிலிலும் தண்ணீர் ஏற்றி வந்து நகரின் தாகம் தணித்தார்கள். நம் நாட்டு ரயில் பிறந்தவுடன் செய்த பணிகளுள் தண்ணீர் சுமந்ததும் ஒன்று என்பதில், ரயில்வே ஊழியனாகிய எனக்குச் சிறிது பெருமை உண்டு.

அதன் பின்னரே அரசினர் விழித்துக்கொண்டனர். ஹென்றி கானிபியர் என்னும் பொறியாளர் வகுத்த திட்டப்படி மித்தியின் தலைப்பில் அணை எழுப்பி விகார் ஏரியை உண்டாக்கினர். (கொலாபாவில் உள்ள ஆப்கான் தேவாலயத்துக்குப் படம் வரைந்தவரும் இவரே.) 1860-இல் விகார் நீர் நகருக்குள் வந்தது. ஆனால் 1864-இல் குடிக்கணக்கு எடுத்தபோது மக்கள் தொகை 8 லட்சத்தைத் தாண்டிவிட்டிருந்தது. விகார் போதவில்லை. 1879-இல் துளசி ஏரி வந்தது. 1890-ஐ ஒட்டிக் கட்டிய பவாய் ஏரியின் நீர் குடிக்க உதவாதென்று கைவிடப்பட்டது. 1892-இல் தான்சா. இதன் நீரைத் தொலைவிலுள்ள மலைப்பகுதியிலிருந்து, பம்பு ஏதுமின்றி, நிலத்தின் சரிவை மட்டும் துணைகொண்டு நகருக்குக் கொண்டுவந்தது பெருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. மலபார் குன்றில் தொங்கும் தோட்டத்தில் குழந்தைகளை விளையாட விடுகிறோமே, அப்புல்தரைக்கு அடியில் இருப்பதும் நீர்த்தேக்கமே. பின்னர் 1957-இல் மோடக் சாகர், 1970-களில் மேல் வைதரணா, அடுத்துப் பாட்சா, 2014-இல் நடு வைதரணா என்று ஏரிகள் பெருகின. இன்று ஏழு ஏரிகளிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி லிட்டர் நீர் வருகிறது. சென்னையில் 1978-இல் ஏற்பட்டதுபோன்ற தனி வாரியம் இங்கே இல்லை. நீர், கழிவுநீர் இரண்டும் மாநகராட்சியின் பொறுப்பே.

நீரைக் கொண்டுவந்தவர்கள் அது வெளியேறும் வழியைக் குறித்து அதே வேகத்தில் சிந்திக்கவில்லை. குழாயைத் திறந்தால் நீர் பெருகும்; பெருகிய நீர் எங்கே போகும்? நிலத்தடிச் சாக்கடை நகரின் ஒரு பகுதிக்குத்தான் எட்டியது. ஏனைய இடங்களில் மலத்தைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்தவர்கள் மனிதர்கள். அதற்கென மாநகராட்சி வரியே வாங்கிற்று; ‘ஹலால்கோர் வரி’ என்பது அதன் பெயர். வரி செலுத்தியவன் வீடு தூய்மையாயிற்று. சுமந்தவன் பட்ட பாட்டை யார் எழுதி வைத்தார்கள்? இத்தொழிலைத் தடுக்க 1993-லும் 2013-லும் சட்டங்கள் வந்தன. சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்கி மாண்ட செய்தி இன்னும் பத்திரிகைகளில் வருகிறது.

1896-இல் மாண்டவி வட்டாரத்தில் கொள்ளை நோயான பிளேக் தோன்றிற்று. எலியும் தெள்ளும் அதன் காரணம் என்பது அப்போது நிலைநாட்டப்படாமையால், சாக்கடை நாற்றமே நோயின் வேர் என்று கருதிக் கடல் நீரையும் கார்பாலிக் அமிலத்தையும் கால்வாய்களில் ஊற்றிக் கழுவினார்கள். நோய் தணியவில்லை, மக்கள் லட்சக்கணக்கில் நகரைவிட்டு ஓடினார்கள்.

இக்காலத்தில் வர்ளியிலும் பாந்திராவிலும் கழிவுநீரைக் கடலுக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் குழாயில் செலுத்தி விடுகிறார்கள். எனினும் சாக்கடைக் குழாய் எட்டாத குடியிருப்புகளின் கழிவு மித்தியில்தான் விழுகிறது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, அந்நதி வாங்கியதையெல்லாம் நம் வீடுகளுக்குள் திருப்பித் தந்தது.

நூறு கிலோமீட்டர் தொலைவைக் கடந்த நீருக்குக் கடைசி நூறு கஜம்தான் கடினமாயிருக்கிறது. என் இளமையில் எங்கள் சந்துக்கு ஒரே பொதுக்குழாய். பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து அம்மா குடம் வைத்து வரிசை பிடிப்பார். தூக்கக் கலக்கத்தோடு நான் குடத்துக்குக் காவல் இருப்பேன். மாநகராட்சியின் சாவிக்காரர் வால்வைத் திருகினால்தான் எங்கள் பகுதிக்கு நீர் வரும். அதுவும் சில மணி நேரமே. இம்முறையால் வேறொரு தீமையும் உண்டு. நீர் நின்றபின் குழாயில் அழுத்தம் குறைகிறது. பக்கத்தில் ஓடும் சாக்கடை நீர் விரிசல் வழியே உள்ளே கசிகிறது. ஆகவே சகோதரியரே, நீர் வரத் தொடங்கிய முதற் சில குடங்களைத் தரை கழுவ வைத்துக்கொண்டு, பின்வருவதைக் காய்ச்சிக் குடிக்கத் தருக.

அந்தக் குழாயும் இல்லாதோர் பலர். குறித்த தேதிக்கு முன் குடிசை இட்டதற்குச் சான்று உண்டா என்பதே பல்லாண்டுகள் கேள்வியாயிருந்தது. அத்தேதி முதலில் 1995 சனவரி 1. பின்னர் 2000 சனவரி 1. சான்றில்லாதவன் லாரிக்காரனிடம் விலைக்கு வாங்கினான். 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம், குடிசை சட்டவிரோதமானதாயினும் அதில் வாழ்பவனுக்குக் குடிநீரை மறுத்தல் ஆகாது, வாழும் உரிமையில் நீரும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. கட்டணம் கூடுதலாக வாங்கலாம் என்றும், இணைப்பினால் நிலத்தின்மேல் உரிமை பிறவாது என்றும் சேர்த்துரைத்தது. 2022-இல் மாநகராட்சி ‘அனைவருக்கும் நீர்’ என்னும் கொள்கையை அறிவித்தது.

மற்றொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. நம் ஏரிகளுள் தான்சாவும் பாட்சாவும் இருப்பது சகாப்பூர் தாலுகாவில். கசாரா வண்டியில் ஆட்காவ் வரை சென்றவர்கள் அப்பகுதியைக் கண்டிருப்பர். பெருங்குழாய் மும்பையை நோக்கிச் செல்ல, அத்தாலுகாவின் சிற்றூர்களில் பெண்கள் கோடையில் குடங்களோடு தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கிறார்கள். நாம் குழாயடியில் சண்டையிடும்போது அவர்களை நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை, அங்கே வேலைக்குப் போகும்வரை.

குழாய் இணைப்புக்கு விண்ணப்பிக்க விரும்பும் அன்பர்கள் ஆதார், ரேஷன் அட்டை நகல்களுடன் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குமேல் சங்கக் கட்டடத்துக்கு வரலாம். மராத்தியில் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவரும் நானும் அங்கே இருப்போம்.