யானை விலையும் தீனி விலையும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை என் சகோதரியின் குமாரன் கையில் ஒரு தாளுடன் வந்து சேர்ந்தான். முகத்தில் ஒரே பிரகாசம். பந்தயத்துக்கென்று மாற்றி அமைத்த பழைய மோட்டார் வண்டி ஒன்று சல்லிசான விலைக்கு வருகிறதாம். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயப் பாதை இருக்கிறதல்லவா? அதில் அந்த வண்டியை ஓட்டி ஒரே வருஷத்தில் பெயர் வாங்கிவிடலாமாம். தாளை வாங்கிப் பார்த்தேன். வண்டியின் விலை எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு கோடு. கோட்டின் கீழே "மொத்தம்" என்று அதே தொகை மறுபடியும் எழுதியிருந்தது.

"கணக்கு இவ்வளவுதானா, தம்பி?" என்று கேட்டேன்.

"வண்டி கிடைத்துவிட்டால் அப்புறம் என்ன, மாமா? ஓட்ட வேண்டியதுதானே!" என்றான்.

சமையலறையிலிருந்து அவனுடைய அத்தையின் குரல் கேட்டது: "யானையை இனாமாகவே கொடுக்கட்டும், கட்டித் தீனி போடுகிறது யார் என்று கேளுங்கள்!"

என் மனைவி ஆயுளில் ஒரு மோட்டார் பந்தயம் பார்த்தவள் அல்ல. ஆயினும், இங்கிலாந்தில் பெரிய பெரிய மோட்டார் கம்பெனிகள் பத்து வருஷ காலம் பணத்தை வாரி இறைத்த பிறகு கண்டுகொண்ட உண்மையை அவள் அடுப்பின் முன்னால் நின்றபடியே சொல்லிவிட்டாள். அந்தக் கதையைத்தான் மருமானை உட்கார வைத்துச் சொன்னேன். நேயர்களும் கேட்கலாம்.

மோட்டார் பந்தயங்களில் "டூரிங் கார்" பந்தயம் என்று ஒரு ஜாதி உண்டு. ஊசி முனையும் திறந்த சக்கரங்களுமாய்ப் பறக்கும் விசித்திர வாகனங்களுக்கு இதில் இடமில்லை. டாக்டரும் வக்கீலும் ஏறிச் செல்லும் சாதாரணக் குடும்ப வண்டியின் உருவத்தில்தான் பந்தய வண்டியும் இருக்க வேண்டும். "அதோ, நம் வீட்டு வண்டி முதலாவதாக வருகிறது!" என்று பார்க்கிறவன் துள்ளிக் குதிக்கலாம். மறுநாள் கடைக்குப் போய் அதே வண்டியை வாங்கினாலும் வாங்குவான். கம்பெனிகளுக்கு இந்தப் பந்தயத்தில் ஏற்பட்ட அபாரமான பிரேமையின் இரகசியம் இதுதான்.

இங்கிலாந்தில் இந்தப் போட்டி 1958-ல் ஆரம்பமாயிற்று. அவ்வருஷக் கடைசியில் ஜாக் ஸியர்ஸ், டாமி ஸாப்வித் என்ற இருவரும் சமமான புள்ளிகளுடன் நின்றார்கள். காசைச் சுண்டிப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்ற யோசனையை இருவருமே ஏற்கவில்லை. ஆகையால் ஒரே மாதிரியான இரண்டு ரைலி வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருமுறை ஓடிவிட்டு, வண்டிகளை மாற்றிக்கொண்டு இன்னொரு முறை ஓடினார்கள். இரண்டு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்ததில் ஸியர்ஸ் ஜயித்தார். அன்று எவருடைய பணப்பைக்கும் அதில் வேலையிருக்கவில்லை. இதை நேயர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1991-ல் அந்தப் போட்டியைச் சீர்திருத்தினார்கள். பல அளவு எஞ்சின்கள் கலந்து ஓடும் குழப்பம் வேண்டாம். எல்லோருக்கும் இரண்டு லிட்டர் எஞ்சின் என்று சட்டம் செய்தார்கள். சட்டம் எளிது, செலவு குறைவு, போட்டி நெருக்கம் என்பது எண்ணம். பிற்பாடு "ஸூப்பர் டூரிங்" என்ற பெயரில் உலகத்தின் பல பாகங்களுக்கும் இந்த ஏற்பாடு பரவிற்று. 1994-ல் இங்கிலாந்துப் போட்டியில் பத்துக் கம்பெனிகளின் வண்டிகள் வரிசையில் நின்றன. வால்வோ கம்பெனியார் சாமான் ஏற்றும் நீண்ட "எஸ்டேட்" வண்டியையே பந்தயத்துக்கு அனுப்பிவிட்டார்கள்! ஜனங்கள் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

இனித்தான் தீனிக் கணக்கு வருகிறது.

கடையில் வாங்கும் இரண்டு லிட்டர் எஞ்சினைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது சுமார் 300 குதிரைச் சக்தி, இந்தப் பந்தய எஞ்சின்களிலிருந்து வாங்கினார்கள். அப்படி வாங்கப்பட்ட எஞ்சினுக்கு ஆயுளை வருஷத்தில் எண்ணக்கூடாது. மணியில் எண்ண வேண்டும். குறித்த மணி நேரம் ஓடியதும், கெட்டுப் போகாவிட்டாலும்கூட, முற்றிலும் பிரித்துப் புதிய உறுப்புகள் போட்டுக் கட்ட வேண்டும். கியர் பெட்டிக்கும் அதே கதி. பிரேக் தகடுகள் பழுக்கக் காய்ந்து தேய்கின்றன. டயர்களோ சில மைல்களில் தம் சாரத்தை இழக்கின்றன. பார்வைக்கு நன்றாயிருக்கும் அந்த டயரை வீட்டு வண்டிக்குப் போட்டால் எத்தனையோ மாதம் ஓடும் என்று நமக்கெல்லாம் வயிறு எரியும். பந்தயக்காரன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். இவற்றுடன் மெக்கானிக்குகளின் சம்பளம், லாரி வாடகை, ஹோட்டல் செலவு, இன்ஷூரன்ஸ், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேரும். மோதி நசுங்கினால் புதுத் தகரம் வேண்டும். இந்த ஜாதிப் பந்தயத்தில் உரசாமல் ஓட்டுகிறவரைக் காண்பது அபூர்வம்.

இவ்வளவும் அவசியச் செலவு. எப்படியாவது சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத செலவு வேறொன்று. அதற்கு அளவு கிடையாது. அண்டை வீட்டுக்காரன்தான் அதன் அளவு. நம் ஊர்க் கல்யாணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர் வீட்டில் ஒரு நாதஸ்வரம் வைத்தார்கள் என்றால் நம் வீட்டில் இரண்டு வைக்கிறோம். தாலி ஒன்றுதான், கடன் மட்டும் இரு வீட்டிலும் ஏறிவிடுகிறது. போட்டிக்காரன் பந்தயத்துக்கு முன்னால் நாலு நாள் ஒத்திகை ஓட்டினால் நாம் ஆறு நாள் ஓட்ட வேண்டும். அவன் எஞ்சினை ஓர் அங்குலம் தாழ்த்திப் பின்னால் தள்ளினால் நாம் இன்னும் அரை அங்குலம் தள்ள வேண்டும். ஒவ்வோர் ஒத்திகைக்கும் புது டயர். ஒவ்வொரு டயருக்கும் ஒரு நிபுணர்.

1994-ல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். இத்தாலியிலிருந்து ஆல்பா ரோமியோ கம்பெனியார் வந்தார்கள். தாங்கள் கடையில் விற்ற வண்டியிலேயே, காற்றை அடக்கி வண்டியைத் தரையோடு அழுத்தும் பலகைகளை நீட்டி வைத்துக்கொள்ள வசதி செய்திருந்தார்கள். சட்டத்தின் எழுத்தில் குற்றமில்லை. வண்டி மற்றவர்களை விட்டுவிட்டு ஓடியது. கூக்குரல் கிளம்பியது. "பலகையை உள்ளே தள்ளு" என்று உத்தரவு பிறந்ததும் ஆல்பாக்காரர்கள் கோபித்துக்கொண்டு ஔல்டன் பார்க் பந்தயத்திலிருந்து விலகினார்கள். பிறகு சமாதானமாகித் திரும்பி வந்து, அவ்வருஷப் பட்டத்தையும் தட்டிச் சென்றார்கள். அடுத்த வருஷம் சட்டத்தையே மாற்றி, எல்லோரும் பலகை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். நியாயமான தீர்ப்புத்தான். ஆனால் அதுமுதல் பலகையின் வளைவை ஆராய்வதற்குக் காற்றுச் சுரங்கத்தை வாடகைக்கு எடுப்பது எல்லோருக்கும் கட்டாயச் செலவாகிவிட்டது. ஒருவருடைய சாமர்த்தியம் மற்றவர்கள் அனைவருடைய வரவு செலவுக் கணக்கிலும் நிரந்தரமாய் ஏறி உட்கார்ந்துகொண்டது!

ஜர்மனியில் இந்த வியாதி இன்னும் துரிதமாக முற்றிற்று. அங்கே ஓப்பல், ஆல்பா ரோமியோ, மெர்ஸெடிஸ் ஆகிய மூன்று கம்பெனிகள் அதிநவீன வண்டிகளுடன் பிரேஸில், ஜப்பான் வரையில் போய்ப் பந்தயம் விட்டன. 1996 கடைசியில் இரண்டு கம்பெனிகள் போதும் என்று விலகின. மிச்சமிருந்த ஒன்று யாருடன் பந்தயம் ஓடும்? போட்டியே படுத்துவிட்டது.

இவ்வளவு அமளியில், கம்பெனிப் பணம் இல்லாமல் சொந்த முயற்சியில் ஓட்டியவர்களின் நிலைமை என்ன? அவர்கள் கூட்டத்தின் கடைசியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தைரியம் ஊட்டுவதற்காக 1999-ல் பந்தயம் நடத்தியவர்கள் ஒரு விளம்பரம் செய்தார்கள். தனிக் கோஷ்டியைச் சேர்ந்த எவராவது, கம்பெனி வண்டிகள் அனைத்தையும் தோற்கடித்து ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்தால் இரண்டரை லட்சம் பவுன் பரிசு! கொடுக்க நேரிடாது என்ற நம்பிக்கையில் அறிவித்தார்களோ என்னவோ, அவ்வருஷ ஆரம்பத்திலேயே டானிங்டன் பார்க்கில் மாட் நீல் என்பவர் தம் குடும்பத்தைச் சேர்ந்த கோஷ்டியின் நிஸ்ஸான் வண்டியில் முதலாவதாக வந்து நின்றார். பரிசும் பெற்றார். ஒரு பந்தயத்துக்கு அவ்வளவு பெரிய தொகையை வைத்தார்கள் என்பதிலிருந்தே, தனி மனிதன் ஜயிப்பது எவ்வளவு அசாத்தியமாக எண்ணப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மறு வருஷம், 2000-ல், பத்துக் கம்பெனிகளில் மூன்றுதான் மிஞ்சின. போர்டு வண்டி ஓட்டிய ஆலன் மெனு பட்டம் பெற்றார். அத்துடன் அந்தச் சட்டத்தையே இங்கிலாந்தில் கைவிட்டார்கள். 2001-ல் புதிய சட்டம் வந்தபோது வண்டிகள் போதவில்லை. சாதாரண வண்டிகளின் தனி வகுப்பு ஒன்றைச் சேர்த்து வரிசையை நிரப்ப வேண்டியிருந்தது. இதிலும் ஒரு நன்மை உண்டாயிற்று. செலவு இறங்கியதும் தனிக் கோஷ்டிகள் தலை நிமிர்ந்தன. அதே மாட் நீல் 2005-லும் 2006-லும் பட்டம் பெற்றார்.

2011-ல் வந்த சட்டம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. கட்டும் செலவையும் நடத்தும் செலவையும் பாதியாக்குவது என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டே அதைக் கொண்டுவந்தார்கள். "அதிகம் செலவழிக்காதே" என்று உபதேசம் செய்வதை விட்டு, பணம் கொடுத்தாலும் வேறு சரக்கு வாங்க முடியாதபடி செய்தார்கள். கியர் பெட்டி, பிரேக், எஞ்சினை நடத்தும் மின்சார மூளை எல்லாம் அனைவருக்கும் ஒரே கடைச் சரக்கு. சொந்தமாக எஞ்சின் செய்ய வகையில்லாதவர் பொது எஞ்சினைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஜயித்தவன் அடுத்த பந்தயத்தில் வண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும் என்ற ஏற்பாடு வேறு பல வருஷம் இருந்தது. இரவு பகல் உழைத்து, காசைக் கரைத்துச் சம்பாதித்த அரை விநாடியை ஈயக் கட்டி தின்றுவிடும்! 1958-ல் ஒரே மாதிரி இரண்டு வண்டிகளை நிறுத்தியவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்று தோன்றுகிறது. ஆனால் டயரும் நசுங்கிய தகரமும் மெக்கானிக்கின் சம்பளமும் எந்தச் சட்டத்தாலும் மறையவில்லை. அங்கே ஆசனத்தில் உட்காருகிறவர்களில் பலர் விளம்பரதாரரைத் தேடிப் பிடித்துக் கையோடு அழைத்து வருகிறவர்கள்தான்.

கதை முடிந்ததும் மருமான் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான். டயர், பிரேக், எஞ்சின் பிரித்துக் கட்டுதல், லாரி, ஆட்கள், மோதல் என்று வரிசையாக வந்தது. ஒத்திகை என்பதை இரண்டு தடவை எழுதினான். பாதியில் பேனாவை வைத்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்தான்.

"மாமா, அந்த வண்டிக்காரரிடம் ஒன்று விசாரிக்க மறந்துவிட்டேன்" என்றான்.

"என்ன?"

"இவ்வளவு நல்ல வண்டியை அவர் எதற்காக விற்கிறார் என்று."

அத்தை காபியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.