காய்ச்சலுடன் ஓடுவது வீரமல்ல

ஹெவ்லொக் டவுன் மைதானங்களில் மரதன் ஓட்டத்துக்குத் தயாராகும் இளைஞர்களுக்குத் தடிமனும் காய்ச்சலும் அற்பமாகத் தோன்றலாம். உண்மை வேறு. காய்ச்சலின்போது வழமையான வேகத்தில் ஓடுவதற்கே இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியுள்ளது. தசைகளும் விரைவில் களைத்து விடுகின்றன. அதனிலும் பாரதூரமானது, வைரஸ் இதயத் தசையில் அழற்சியை ஏற்படுத்தக்கூடிய அபாயமாகும்.

2022 ஜனவரியில், கொவிட் தொற்றின் பின்னர் இவ்வாறு பாதிக்கப்பட்ட கனேடியக் கால்பந்து வீரர் அல்போன்சோ டேவிஸ் ஏப்ரல் வரை களமிறங்கவில்லை. உலகப் புகழ்பெற்ற கழகமே காத்திருந்தது. அவ்வாறிருக்க, பாடசாலை விளையாட்டுப் போட்டிக்காக மாணவரை அவசரப்படுத்துவது நியாயமாகுமா?

மூக்கடைப்பு மட்டுமெனில் இலேசான பயிற்சி போதும். காய்ச்சலோ உடல்வலியோ இருப்பின் ஓய்வு அவசியம். நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ ஏற்படின் உடனடியாக மருத்துவரை நாட வேண்டும். குணமடைந்த பின்னரும் படிப்படியாகவே வேகத்தைக் கூட்டுதல் வேண்டும். பயிற்றுநர்களும் பெற்றோரும் இதில் உறுதியாக இருத்தல் அவசியம். தவறிய போட்டி அடுத்த ஆண்டும் வரும்.