லங்கணமும் ஒரு லிட்டர் தண்ணீரும்

எங்கள் வீட்டில் பத்து மாதக் குழந்தை ஒன்று இருக்கிறது. காலம் தாழ்ந்து பிறந்த மகள். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு மறு நிமிடம் அடுக்களையில் அவள் வாயில் இருக்கும். அப்படி ஒரு தவழல். சென்ற மார்கழியில் ஒருநாள் விடியற்காலையில் வாந்தி எடுத்தாள். எட்டு மணிக்குள் நான்கு முறை நீராகப் போயிற்று. நண்பகலில் கண்கள் உள்வாங்கி, உச்சிக்குழி பள்ளமாகி, அழுதால் கண்ணீர் வராமல் துவண்டு கிடந்தாள். மறைமலை நகரிலிருந்து ஜிஎஸ்டி சாலை வழியே மருத்துவமனைக்குப் போன நேரத்தைப் பற்றி எழுத இப்போதும் மனம் வரவில்லை. ஓர் இரவு முழுக்க டிரிப்ஸ் ஏற்றினார்கள். மறுநாள் மாலை செவிலியரின் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் எழுத வந்தது மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தைப் பற்றி. அந்த ஆறு மணி நேரத்தில் எங்கள் வீட்டில் புழங்கிய சொற்களைப் பற்றி என்றால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

முதற்சொல் என் அம்மாவுடையது. "பாலக் குடுக்காதீங்க. குடுக்கக் குடுக்கப் போயிக்கிட்டேதான் இருக்கும். வயித்தக் காயப்போடுங்க" என்றார். மாடி வீட்டு அம்மாள், "பல்லு மொளைக்குது, அப்படித்தான் இருக்கும்" என்றார். தொலைபேசியில் பெரியம்மா, "மாந்தம்" என்றார். மூன்றும் வேறு வேறு விளக்கங்கள். ஆனால் மூன்றும் சொன்ன வேலை ஒன்றுதான். கொடுப்பதை நிறுத்து, காத்திரு.

'லங்கணம் பரம ஔஷதம்' என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோம். படித்தவர்களாயின் திருக்குறளையும் துணைக்கு அழைப்பார்கள். 'மருந்து' அதிகாரம் முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ணச் சொல்கிறதே என்பார்கள். வள்ளுவர் அங்கே பேசுவது அளவு தெரியாமல் உண்கிறவனோடு. தன் உடம்பிலுள்ள நீரை மணிக்கு மணி இழந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு அந்த அதிகாரத்தைப் பொருத்துவது உரையாசிரியர் எவரும் செய்யாத பிழை. பேதியில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் பேதி அல்ல, நீரிழப்பு. ஓட்டையான குடத்தில் நீர் ஊற்றாதே என்றால் குடம் காலியாகும், ஓட்டை அடைபடாது.

அம்மாவைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அன்று நான் செய்தது அதைவிட மோசம். மருந்துக் கடைக்கு ஓடி "ஓஆர்எஸ் குடுங்க" என்றேன். ஒரு பாக்கெட் பொடி வாங்கிவந்து, பாதியைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கினேன். என் மனைவி உறையை வாங்கிப் படித்துவிட்டு, "ஏங்க, இது ஒரு லிட்டருக்குன்னு போட்டிருக்கு" என்றார். டம்ளரைக் கீழே கொட்டினேன். இரண்டரை மடங்கு உப்பை அந்தக் குழந்தைக்குப் புகட்டியிருப்பேன். இருபது ஆண்டுகளாகப் பாடபேதம் பார்த்துப் படிக்க மாணவர்களுக்குக் கற்றுத்தருகிறவன், கையளவு உறையில் இருந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 'ஓஆர்எஸ்' என்ற மூன்றெழுத்து எனக்கு எதையும் சொல்லவில்லை. அது ஒரு மருந்தின் பெயர்போல ஒலித்தது. மருந்து கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று கை தானாகக் கலக்கியது. 'உப்பு சர்க்கரைக் கரைசல்' என்று நாமே வைத்த பெயர் இருக்கிறது. கரைசல் என்ற சொல்லைக் கேட்டாலே எவ்வளவு நீரில் என்று கேட்கத் தோன்றும். மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊரில் குடியிருந்துகொண்டு தனித்தமிழ் பேசுகிறேன் என்று நண்பர்கள் கேலி செய்யலாம். (செய்வார்கள்.) ஆனால் வணிகர்கள் களவாடியதும் அந்த மூன்றெழுத்தைத்தான். இனிப்புப் பானங்களை அட்டைப்பெட்டியில் அடைத்து, அந்த எழுத்துகளைப் பெரிதாக அச்சிட்டு, மருந்துக் கடைகளிலேயே பல்லாண்டுகள் விற்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோற்றுப்பு 2.6 கிராம். இந்தப் பானங்களிலோ சர்க்கரை பன்மடங்கு. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்காகப் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்துகளைப் பானங்களின் பெயரில் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையிட்டது. 'உப்பு சர்க்கரைக் கரைசல்' என்ற பெயரை மாம்பழச் சாற்றின்மேல் அச்சிட எவனுக்குத் துணிவு வந்திருக்கும்?

இந்தக் கரைசலின் வரலாறு நம் வீட்டு அடுக்களைக்கு மிக அருகில் இருப்பது. 1971, வங்கதேசப் போர். மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் பொட்டலம் கட்டி வரவழைத்து, நீரில் கரைத்து, பீப்பாய்களில் வைத்தார். மொண்டு புகட்டியவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள் அல்லர். நோயாளிகளின் தாய்மார்களும் உறவினர்களும்தாம். நூற்றுக்கு இருபது, முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. குடல் சீர்கெட்டிருந்தாலும் உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து உறிஞ்சும் திறனைப் பெரும்பாலும் இழப்பதில்லை. அவை போகும்போது நீரும் கூடவே போகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். மகாலனாபிஸ் 2022இல் மறைந்தார். பத்ம விபூஷண் அதற்குப் பின்னர், 2023இல் வந்தது.

1971 என்ற ஆண்டு எனக்கு இன்னொரு காரணத்தால் உறுத்துகிறது. என் அம்மாவுக்கு முதலில் பிறந்தது ஒரு பெண். 1974இல், செய்யாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பதினோராம் மாதத்தில் பேதியில் போய்விட்டாள். மாமியார் சொன்னபடி அம்மா இரண்டு நாள் பாலையும் தண்ணீரையும் நிறுத்தி, ஈரத்துணியால் குழந்தையின் உதட்டை மட்டும் நனைத்திருக்கிறார். அக்குழந்தை துணியைச் சப்பியதை எனக்கு ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார். ஆகவே, 'நிறுத்துவது தவறு' என்று என் வீட்டில் நான் உரத்துச் சொல்ல முடியாது. அது அம்மாவுக்குத் தகவலாகப் போய்ச் சேராது. தீர்ப்பாகப் போய்ச் சேரும். சுகாதாரச் சுவரொட்டிகளை எழுதுகிறவர்கள் இதை நினைப்பதுண்டா என்று தெரியவில்லை. பாட்டிமார்கள் அறியாமையால் மட்டும் பிடிவாதம் பிடிப்பதில்லை.

நானும் வேறு வழியில் போனேன். அம்மாவின் கைமுறையில் சரியானது ஒன்று இருந்தது. உப்பிட்ட அரிசிக் கஞ்சி. வீட்டிலேயே தரத்தக்க நல்ல நீராகாரம் என்று மருத்துவர்களும் அதை ஏற்கிறார்கள். "கஞ்சி நீங்கதாம்மா வைக்கணும்" என்றேன். பால், கஞ்சி, இட்லி, பருப்புச் சோறு எதையும் நிறுத்தவில்லை. போக்கு நின்றபின்னும் இரண்டு வாரம் நாளுக்கு ஒருவேளை கூடுதலாக ஊட்டச் சொன்னார் மருத்துவர். கூடவே 14 நாட்களுக்கு ஜிங்க்.

அந்த இரண்டு வாரங்களில் நோயாளிகளாக இருந்தவர்கள் நாங்கள்தாம். அவள் மூன்றாம் நாளே எழுந்துவிட்டாள். நாங்கள் இடுப்பிலிருந்து இறக்காமல் சுமந்தோம்; அவள் முதுகை வளைத்துக் கீழே இறங்கப் பார்த்தாள். தரையை ஒரு நாளைக்கு மூன்று முறை துடைத்தேன். 6, 10, 14ஆம் வாரங்களில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுத்திருந்தோம் (2017 முதல் தமிழக அரசு அதை எல்லாக் குழந்தைகளுக்கும் தருகிறது). அது எல்லாப் பேதிக்கும் காப்பு அல்ல என்று இப்போது தெரிகிறது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் காப்புப் பருவத்தை முதலில் வைத்துவிட்டு, அடுத்தடுத்துக் குழந்தையை ஆடவும் தவழவும் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு அந்தத் துணிவு வரப் பத்து நாள் ஆயிற்று.

புறநானூற்றின் 188ஆம் பாட்டை, பாண்டியன் அறிவுடைநம்பி பாடியதை, ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். நெய்ச்சோற்றைத் தொட்டும் துழாவியும் மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை. மக்கட்செல்வம், நிலையாமை என்று தேர்வுக்கு உரியதைச் சொல்லி முடித்துவிடுவேன். அந்தக் குழந்தைக்குப் பசி இருக்கிறது, தன் கையாலேயே உண்கிறது என்பதை ஒரு முறையும் சொன்னதில்லை. அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோது மகள் கரண்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு முழங்கைவரை உள்ளே விட்டாள். அம்மா தடுக்கவில்லை.

அன்றிரவு அம்மா அந்தக் காலி உறையை எடுத்துவந்து, "ஒரு லிட்டர்னா நம்ம செம்புக்கு எவ்ளோடா?" என்று கேட்டார். அளந்து பார்த்தோம். கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நின்றது. ஆணியால் உட்புறம் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார்.