எத்தனை மேட்ச் இருக்கும்?

லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை இருக்கிறது. யாரோ புண்ணியவான் இரும்புக் கம்பம் நட்டு, பலகை அடித்து, வளையம் மாட்டிவைத்திருக்கிறார். வலை எப்போதோ கிழிந்துவிட்டது. மாலையில் தமிழும் கன்னடமும் கலந்த கூச்சலோடு பிள்ளைகள் பந்தைத் தட்டுவார்கள். அவர்களில் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி, பையன்கள் போன பிறகும் விளக்கு வெளிச்சத்தில் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ஒருநாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டார்: "சார், இந்த ஆட்டத்துல வேலை கிடைக்குமா?"

"நல்லா ஆடினா ரயில்வேல எடுப்பாங்க, பேங்க்ல எடுப்பாங்க" என்றேன். பொய்யில்லை. பல ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடி 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னை அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் பணியாற்றுபவர். கேரளத்தின் பி.எஸ். ஜீனாவுக்கு வேலை தந்தது மின்சார வாரியம். அப்பாவின் முகம் மலர்ந்தது. மகள்தான் குறுக்கே புகுந்தாள்: "வேலை கிடைச்சப்புறம் வருஷத்துக்கு எத்தனை மேட்ச் இருக்கும், அங்கிள்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் பேட்டையிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டரில் இருக்கிறது கண்டீரவா உள்ளரங்கம். 2017 ஜூலையில் ஆசியக் கோப்பை மகளிர் கூடைப்பந்துப் போட்டி அங்கே நடந்தது. ஆசியாவின் பலம் வாய்ந்த அணிகளுக்கு 'ஏ' பிரிவு, மற்றவர்களுக்கு 'பி' பிரிவு. இந்தியா 'பி'யில் இருந்தது. இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்றது. வித்தியாசம் இரண்டே புள்ளி, ஒரே ஒரு கூடை. அதே அரங்கில் ஆஸ்திரேலியாவை 74-73 என்று வீழ்த்தி ஜப்பான் 'ஏ' பிரிவுக் கோப்பையைத் தட்டிச் சென்றது. 'பி'யில் வென்றதால் இந்தியாவுக்கு மேல் பிரிவில் இடம் கிடைத்தது.

மேலே ஏறியது சரி. அங்கே நிற்க முடிந்ததா? 2019இல் போட்டி மறுபடியும் பெங்களூரிலேயே நடந்தது. எட்டு அணிகளில் இந்தியாவுக்கு எட்டாவது இடம். 2021இல் ஜோர்டான் தலைநகர் அம்மானிலும் கடைசி இடமே. திரும்பவும் 'பி' பிரிவு.

நம் பெண்களுக்குத் திறமை இல்லை என்று சொல்வது சுலபம். பந்தும் வளையத்தின் உயரமும் ஜப்பானிலும் லிங்கராஜபுரத்திலும் ஒன்றுதான். வித்தியாசம் நாட்காட்டியில் இருக்கிறது.

ஐரோப்பாவைப் பாருங்கள். அங்கே கிளப்புகளுக்கிடையே 'யூரோலீக்' முதல் படி, 'யூரோகப்' இரண்டாம் படி. 2023-24 யூரோகப்பில் 20 கிளப்புகள், பத்துப் பத்தாக இரண்டு பிரிவுகள். பிரிவிலுள்ள ஒவ்வோர் அணியையும் சொந்த ஊரில் ஒருமுறை, எதிரியின் ஊரில் ஒருமுறை சந்திக்க வேண்டும். ஆக முதல் சுற்றிலேயே ஒவ்வொருவருக்கும் 18 ஆட்டங்கள். அக்டோபரில் தொடங்கினால் ஏப்ரலில்தான் கோப்பை. இதெல்லாம் வார நடுவில். வாரக் கடைசியில் அவரவர் நாட்டு லீக் தனி.

அந்த ஆண்டு இறுதிக்கு வந்த இரண்டுமே பிரெஞ்சு அணிகள். ஒன்று பாரிஸ். மற்றது பூர், நம் கணக்கில் தாலுகா தலைநகர் அளவே உள்ள சிற்றூர். பாரிஸ் கிளப் பிறந்ததே 2018இல்தான். கோப்பையை வென்று அடுத்த சீசனில் யூரோலீக்கில் நுழைந்தது. நுழைந்த முதல் ஆண்டே 'பிளே ஆஃப்' வரை போனது. இரண்டாம் படியில் வாராவாரம் அடி வாங்கியும் கொடுத்தும் பழகிய கால், முதல் படியில் நடுங்கவில்லை.

இரண்டாம் படி என்றால் இளப்பமும் இல்லை. 1989இல் ஏதென்ஸ் நகரில் அன்றைய இரண்டாம் நிலைக் கோப்பையின் இறுதியாட்டம். ரியல் மாட்ரிட் அணிக்காக திராஜன் பெத்ரோவிச் தனியொருவராக 62 புள்ளிகள் குவித்தார். எதிரணியான இத்தாலியின் கசெர்த்தாவில் பிரேசில்காரர் ஆஸ்கர் ஷ்மித் 44. கூடுதல் நேரத்தில் 117-113 என்று மாட்ரிட் ஜெயித்தது. இன்றும் ஐரோப்பாவில் பேசப்படும் ஆட்டம் அது.

நம்மிடம் என்ன இருக்கிறது? தேசியப் போட்டி ஏறக்குறைய ஒரு வாரம். கால் சூடேறுவதற்குள் பரிசளிப்பு விழா. பிறகு துறைகளுக்கிடையே போட்டிகள், அழைப்புப் போட்டிகள், நடுவில் நீண்ட இடைவெளிகள். ஆண்களுக்கு லீக் ஆரம்பித்துப் பார்த்தார்கள். 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. 2017இல் நின்றது. 2022இல் ஐ.என்.பி.எல். வந்தது, சென்னை, பெங்களூர் உட்பட ஆறு நகரங்களின் அணிகள் ஆடின. பெண்களுக்கு மாதக் கணக்கில் ஓடும் சீசன் இன்னும் கனவுதான். அதனால்தான் கீது அன்னா ஜோஸ் 2006இல் மெல்பர்ன் அருகே ரிங்வுட் கிளப்புக்குப் போய் ஆடினார். பின்னாளில் ஜீனாவும் அதே கிளப்புக்குப் போனார். ஆட்டம் வேண்டும் என்பதற்காகக் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது.

தென்னிந்தியாவில் மட்டும் கூடைப்பந்துக்குப் பேர்போன ஊர்கள் எத்தனை! சென்னை, கோவை, பெங்களூர், கோட்டயம், திருவனந்தபுரம். எல்லாம் ஓர் இரவு ரயில் தூரம். எட்டு மகளிர் அணிகள் சொந்த ஊரிலும் எதிரியின் ஊரிலும் ஆடினால் தலைக்கு 14 ஆட்டங்கள். ரயில் கட்டணம், தங்க இடம், நடுவர் சம்பளம், உள்ளூர் அரங்கம் இவ்வளவும் கிடைத்தால் ஆரம்பித்துவிடலாம். வெளிநாட்டு நட்சத்திரமும் வாணவேடிக்கையும் பிறகு வரட்டும்.

வேலை கொடுத்து ஆட்டக்காரர்களைக் காப்பாற்றிய துறைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவை இல்லாவிட்டால் இவ்வளவும் இருந்திருக்காது. ஆனால் வேலை வயிற்றுக்கு. ஆட்டத்துக்கு ஆட்டம்தான் சோறு.

அந்த அப்பாவின் கேள்விக்கு நாடு ஒருவாறு பதில் சொல்லிவிட்டது. மகளின் கேள்வி இன்னும் பாக்கி. நேற்று மாலை பார்த்தேன். கிழிந்த வலைக்குப் பதிலாக யாரோ நைலான் கயிற்றைப் பின்னிக் கட்டியிருந்தார்கள். அவள் பந்தை உள்ளே போட்டுவிட்டு, விழுந்த சத்தத்தைக் கேட்டுத் தானே சிரித்துக்கொண்டாள். எதிரில் ஆட ஆள்தான் இல்லை.